ஐந்து கிராம் மோதிரமும் பாறைக்குழம்பும்

கேள்வி: மகளுக்கு ஐந்து கிராமில் பிளாட்டினம் மோதிரம் வாங்கினோம். "தங்கத்தைவிட அரிது" என்றார் கடைக்காரர். நிஜமா? பூமிக்குள் இது எப்படிச் சேர்கிறது? – வாசகி, ஈரோடு

பதில்: கடைக்காரர் இந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை. ஆண்டுக்கு 3,000 டன்னுக்கு மேல் தங்கம் வெட்டுகிறார்கள். பிளாட்டினம் 200 டன்கூடத் தேறாது. அதிலும் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டிலிருந்து வருகிறது.

சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பாறைக்குழம்பு மேலேறி வந்து, நிலத்தடியிலேயே தேங்கி, படிப்படியாக ஆறியது. ஆறும்போது ஒரு கட்டத்தில் அதிலிருந்த கந்தகம் இரும்பு, நிக்கல், செம்போடு சேர்ந்து துளித்துளியாகப் பிரிந்தது. ரசத்தில் நெய் பிரிவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய் மிதக்கும், இந்தத் துளிகள் கனம், மூழ்கும். பிளாட்டினம், அதன் கூட்டாளி உலோகங்களான பல்லேடியம், ரோடியம் எல்லாவற்றுக்கும் பாறைக்குழம்பைவிட இந்தக் கந்தகத் துளி பல்லாயிரம் மடங்கு பிடிக்கும். வழியில் அகப்பட்ட அணுக்களையெல்லாம் வாரிக்கொண்டு துளிகள் கீழே போய்ப் படிந்தன. துளிகள் ஏன் அப்போது பிரிந்தன என்பதில் நிலவியலாளர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள்.

1924இல் லம்பார்ட் என்ற விவசாயி வறண்ட ஓடை மணலை அலசியபோது தட்டில் தங்கிய துகள்களை ஹான்ஸ் மெரென்ஸ்கி என்ற நிலவியலாளருக்கு அனுப்பினார். அந்தத் தடம் பிடித்துப் போய்க் கண்ட படிவத்துக்கு மெரென்ஸ்கி பெயரே நிலைத்துவிட்டது. பல இடங்களில் அது ஒரு மீட்டர் கனம்கூட இல்லை. நீளமோ நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு டன் பாறையில் இந்த உலோகங்கள் எல்லாம் சேர்ந்தே நாலைந்து கிராம்தான், அதில் பிளாட்டினம் பாதி சொச்சம். உங்கள் மகள் மோதிரத்துக்கு இரண்டு மூன்று டன் பாறை உடைபட்டிருக்கும்.

கேள்வி: பிளாட்டினம் ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரையுமே. பாறையை அப்படியே அதில் போட்டால் என்ன? – வாசகர், தூத்துக்குடி

பதில்: கரையும். ஆனால் நாலு கிராமுக்காக ஒரு டன் பாறையைத் திராவகத்தில் ஊறவைத்தால் யாருக்குக் கட்டும்? முதலில் பாறையைச் சுண்டவைக்க வேண்டும். அதற்கும் கந்தகம்தான் கைகொடுக்கிறது.

நான் செப்புச் சுரங்கம் ஒன்றின் நுரை மிதப்புப் பிரிவில் பதினோரு வருடம் நின்றவன். பிளாட்டினத்துக்கும் முறை அதேதான். மாவாக அரைத்த பாறையைத் தண்ணீரில் கலக்கி, சாந்தேட் என்ற மருந்தைச் சொட்டுவிட்டுக் காற்றை ஊதினால், கந்தகத் தாதுக்கள் குமிழியில் ஒட்டிக்கொண்டு மினுமினுக்கும் கருநுரையாக விளிம்பு வழியும். வெறும் கல் அடியில் போய்விடும். சாந்தேட்டுக்கு அழுகின முட்டைக்கோஸ் வாடை. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே "வந்துட்டீங்களா" என்பார் என் மனைவி.

அப்புறம் அந்த நுரைச்சரக்கைக் காயவைத்து, சுமார் 1,500 டிகிரி மின் உலையில் உருக்குவார்கள். கசடு மேலே மிதக்க, கந்தக உருகல் பிளாட்டினத்தைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கும். கவனித்தீர்களா, புஷ்வெல்ட் செய்ததையே உலையும் செய்கிறது! காற்று ஊதி இரும்பை விரட்டி, நிக்கலையும் செம்பையும் கரைத்தெடுத்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம் கறுப்புப் பொடி. நீங்கள் கேட்ட திராவகத்தின் முறை அப்போதுதான் வரும். இப்போதைய ஆலைகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு குளோரின் வாயுவைச் செலுத்துகிறார்கள். கரைசலில் அம்மோனியம் குளோரைடு சேர்த்ததும் பிளாட்டினம் மஞ்சள் வண்டலாக இறங்கும். அதைச் சுட்டால் சாம்பல் நிறப் பஞ்சுபோல உலோகம். ரோடியமும் அதே கூட்டத்து இரிடியமும் பிடிவாதக்காரர்கள், கடைசியாகத்தான் வெளியே வருவார்கள்.

கேள்வி: எங்கள் சித்தம்பூண்டியில் பிளாட்டினம் இருக்கிறதாமே? – வாசகர், நாமக்கல்

பதில்: இருக்கிறது. அங்குள்ள குரோமைட் (குரோமியத் தாது) அடுக்குகளில் இந்த வகை உலோகங்கள் இருப்பதை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை கண்டிருக்கிறது. பாறை புஷ்வெல்டைவிட மூத்தது, 250 கோடி ஆண்டு. ஆனால் இருப்பது வேறு, வெட்டிக் கட்டுப்படியாவது வேறு. சுரங்கம் எதுவும் வரவில்லை. ஆகவே யாராவது பங்கு விற்க வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.