நேசல் பில்லோ மாஸ்க் பழகவே மாட்டேன் என்கிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். இன்னும் இரண்டு வாரமாவது வைத்துப் பாருங்கள்.

தூக்கத்தில் மூச்சு நின்றுபோகாமல் இருக்கக் காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிற சிபாப் மிஷினுக்கு, மூக்குத் துளையில் வைக்கிற நேசல் பில்லோ மாஸ்க் வாங்கி நான்கு ராத்திரி ஆகிறது, மூக்கு எரிகிறது, மூச்சை வெளியே விட முடியவில்லை, நடு ராத்திரியில் என்னை அறியாமல் கழற்றிப் போட்டுவிடுகிறேன், இதைக் கொடுத்துவிட்டு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இது பழக 23 நாள் ஆயிற்று. தினசரி காலண்டர் தாளில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் போட்டிருந்தேன் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்ததால் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. முதல் நாள் 40 நிமிடம். இரண்டாம் நாள் அதுவும் இல்லை. இப்போது மூன்று வருடமாகிறது, போடாமல் படுத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

நான் டாக்டர் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், வயது 54. மிஷின் விற்பவளும் இல்லை. போன தடவை இதே விஷயத்தைப் பற்றி எழுதியபோது எந்தக் கம்பெனி காசு கொடுத்தது என்று ஒருவர் கேட்டிருந்தார், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பட்டையை இறுக்கிக் கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓரத்தில் ‘புஸ்’ என்று காற்று கசிந்ததும் இன்னும் கொஞ்சம் இழுத்திருப்பீர்கள், அதனால் மூக்கின் உள்விளிம்பு வலித்திருக்கும், வலித்ததால் தூக்கத்தில் கை தானாகப் போய்க் கழற்றியிருக்கும். நானும் அப்படியேதான் செய்தேன். அந்தச் சின்ன சிலிக்கோன் குமிழ்கள் மூக்குக்குள் நுழைய வேண்டியவை இல்லை, துளையின் வாசலில் உட்கார வேண்டியவை. பல மாஸ்க்குகளில் அவற்றின் சுவர் இரண்டு அடுக்காக இருக்கும், காற்று வந்ததும் மெல்லிய வெளி அடுக்கு உப்பித் தானே ஓரத்தை அடைத்துக்கொள்ளும். இறுக்கினால் அது உப்புவதற்கு இடமே இருக்காது, ஒரு பக்கம் மடங்கி அங்கிருந்து கசியும். அதனால் மிஷினை ஓடவிட்டு, படுத்த நிலையில், இரண்டு விரலால் மாஸ்கை முகத்திலிருந்து ஒரு நூல் அளவு முன்னே இழுத்து மெதுவாக விடுங்கள். அது போய் உட்காருகிற இடம்தான் சரியான இடம். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு விரல் சுலபமாக நுழைய வேண்டும். உட்கார்ந்துகொண்டு சரிசெய்தால் படுத்ததும் மாறிவிடும், கன்னத்துச் சதையெல்லாம் இடம் மாறுகிறதே.

தூக்கத்தில் மூச்சு நிற்கிற இந்த நோய் (ஸ்லீப் ஆப்னியா) எனக்கு இருப்பது எப்படித் தெரிந்தது என்றும் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருடமாகவே காலையில் எழுந்தால் தலை கனக்கும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் மறுநாள் பதினோரு மணிக்குக் கண் சொருகும். மெனோபாஸ் என்றார்கள், இரும்புச்சத்துக் குறைவு என்றார்கள், மாத்திரை சாப்பிட்டேன். ஒரு மார்ச் மாதம் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு வேறொரு பள்ளியில் அறைக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கண் விழித்தபோது எதிரே பறக்கும் படை அதிகாரி நிற்கிறார். அறையில் இருந்த 20 பிள்ளைகளும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 27 வருட சர்வீஸில் எனக்கு வந்த ஒரே விளக்கக் கடிதம் அதுதான். அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்றுதான் என் மகன் பிடிவாதமாக மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று வந்தது. 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-ஐத் தாண்டினால் தீவிரம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் 79 சதவீதம் வரை இறங்கியிருந்தது. நான் குண்டு இல்லை, அன்றைக்கு என் எடை 58 கிலோ. எடையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று கீழே எழுத வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எடை அதிகமுள்ளவர்களுக்கு அதைக் குறைத்தால் நிச்சயம் நல்லது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் தாடை சிறியதாக இருப்பவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஒல்லியாக இருந்தாலும் இது வரும் என்று எனக்கு டாக்டர்தான் சொன்னார்.

சரி, மாஸ்குக்கு வருகிறேன். எனக்கு இருந்த பெரிய தொந்தரவு மூக்குத்தி. பதினோரு வயதில் வலப்பக்கம் குத்தியது, ஒற்றைக்கல், உள்ளே திருகு. அந்தத் திருகின் முனை சரியாக சிலிக்கோன் குமிழ் உட்காருகிற இடத்தில் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் உள்ளே புண், குமிழிலும் ஊசி குத்தினாற்போல் ஒரு கீறல். ராத்திரி மட்டும் கழற்றி வைக்கிறேன் என்றேன், என் அத்தைக்கு (மாமியார், 80 வயது) மனசு கேட்கவில்லை, சுமங்கலி மூக்கு மூளியாகப் படுப்பதா என்று கலங்கிவிட்டார். நான் இரண்டு நாள் வீம்பாகக் கழற்றி வைத்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை அத்தையே, “வாம்மா, ஆசாரிகிட்டப் போய் ஒரு வழி கேப்போம்” என்று கிளம்பினார். ஆசாரி திருகை எடுத்துவிட்டுத் தண்டைப் பாதியாக வெட்டி, அடியில் மிளகை விடச் சின்னதாக ஒரு தட்டை வைத்து, ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழப்பாக்கிக் கொடுத்தார். விரலை வைத்துத் தடவினால்கூட உள்ளே ஒன்று இருப்பது தெரியாது. அதோடுதான் இன்று வரை தூங்குகிறேன். மூக்குத்தி போட்ட பெண்கள் எத்தனையோ பேருக்கு இந்தத் தொந்தரவு இருக்கும். மாஸ்க் கொடுக்கிற இடத்தில் ஒருவரும் கேட்பதில்லை, ஒரு கையேட்டிலும் எழுதியிருக்கவில்லை. நீங்கள் பெண்ணாக இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம் கொண்டை. பின்னந்தலையில் பட்டை உட்காருகிற இடத்தில் கொண்டை இருந்தால் பட்டை மேலே ஏறும், மாஸ்க் மூக்கை மேல்நோக்கி இழுக்கும். தளர்வாகப் பின்னி முன்பக்கம் போட்டுக்கொள்கிறேன். தேங்காயெண்ணெய் தடவிய அன்றைக்குப் பட்டை நிற்கவே நிற்காது, வழுக்கும். மூக்கு எரிகிறதே என்று உள்ளே எண்ணெயோ வாஸ்லினோ வைத்துவிடாதீர்கள், சிலிக்கோன் கெட்டுப்போகும், காற்றோடு சேர்ந்து உள்ளேயும் போகும். நான் ஒரு வாரம் எண்ணெய் வைத்து ஒரு ஜோடி குமிழைப் பாழாக்கினேன். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர் சொட்டு மருந்து போதும். எரிச்சலுக்கு உண்மையான மருந்து ஈரப்பதம். மிஷினில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அது ‘ஆஃப்’பிலேயே வந்திருந்தது, யாரும் சொல்லவில்லை. ஏசி போட்டுப் படுப்பவராக இருந்தால் ஈரத்தைக் கூட்டியதும் குழாய்க்குள் வேர்த்து மூக்கில் சொட்டுத் தண்ணீர் வந்து விழும், திடுக்கிட்டு எழுவீர்கள். ஏசியை 26, 27-ல் வையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான், எங்கள் ஊர்த் தண்ணீரை ஊற்றினால் நான்கே நாளில் வெள்ளையாகப் படியும்.

மூச்சை வெளியே விட முடியவில்லை என்கிறீர்களே, அதுதான் எல்லோரையும் பயமுறுத்துவது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது மாதிரி இருக்கும். அதை ராத்திரி 11 மணிக்கு, தூங்கியே ஆக வேண்டும் என்ற பதற்றத்தோடு பழக முடியாது. பகலில் பழகுங்கள். நான் சாயங்காலம் காய் நறுக்கும்போது குழாய் இல்லாமல் மாஸ்கை மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், நான்கு நாள். அடுத்த நான்கு நாள் மிஷினை ஓடவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன், முதலில் கால் மணி, பிறகு ஒரு மணி. கவனம் கணக்கில் இருக்கும்போது மூச்சு தன் பாட்டுக்கு நடந்துவிடும். ஒரு ஞாயிறு மத்தியானம் அப்படியே ஈசி சேரில் தூங்கிப்போனேன், அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது. ‘ராம்ப்’ என்று ஒன்று இருக்கும், முதலில் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும். மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் வசதியும் பல மிஷினில் உண்டு. இரண்டையும் டாக்டரிடமோ டெக்னீஷியனிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அழுத்த எண்ணை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

வாயைத் திறந்தால் காற்று வாய் வழியாகப் பீறிடும். முதல் வாரம் என் வீட்டுக்காரர் ஏதோ கேட்க, நான் பதில் சொல்ல வாயைத் திறக்க, தொண்டையிலிருந்து காற்று அடித்துக்கொண்டு வந்ததில் உயிரே போனமாதிரி இருந்தது. மாஸ்க் போட்டபின் பேச்சில்லை. நாக்கின் நுனியை மேல் அண்ணத்தில், ‘ன’ சொல்லுகிற இடத்தில் ஒட்டிவைத்துப் பழகினால் வாய் தானாக மூடியே இருக்கும். காலையில் வாய் பாலைவனமாகக் காய்ந்திருந்தால் ராத்திரி திறந்திருக்கிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் அப்படியே இருந்தால், அல்லது மூக்கு எலும்பு வளைந்தோ சளியாலோ எப்போதும் அடைத்தே இருந்தால், அப்போது பெரிய மாஸ்க் நியாயம்தான். அதைப் போட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பரப்பு பெரிதானால் கசியும் இடமும் பெரிது, கண்ணில் காற்றடிக்கும். மீசை தாடிக்காரர்களுக்கு பில்லோதான் வசதி.

டாக்டர் சொன்ன ஒரு விஷயம் எனக்குத் தெம்பு கொடுத்தது. இந்த வைத்தியம் தொடங்கியதே மூக்குத் துளையில்தானாம். ஆஸ்திரேலியாவில் சிட்னியில் காலின் சல்லிவன் என்கிற டாக்டர், மூக்குத் துளைகளில் மெல்லிய குழாயைப் பொருத்தி, சிலிக்கோன் பசையால் அடைத்து, காற்றை உள்ளே செலுத்தி ஐந்து நோயாளிகளைத் தூங்க வைத்தார், 1981-ல் லான்செட் இதழில் எழுதினார். அவர்கள் பசை ஒட்டிக்கொண்டு தூங்கினார்கள் என்றால் இந்த மெத்தென்ற குமிழோடு நம்மால் முடியாதா என்று அன்றைக்குத் தோன்றியது.

இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. பரிசோதனைக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், மண்டபத்தில் பெண்கள் எல்லோரும் ஜமுக்காளம் விரித்துப் படுத்திருந்தபோது நான் குறட்டை விட்டதை யாரோ செல்போனில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஐம்பது பேர் சிரித்தார்கள். அதன் பிறகு இரண்டு வருடம் எந்த விசேஷத்துக்கும் ராத்திரி தங்கியதில்லை, என் சொந்தத் தங்கை மகளின் வளைகாப்புக்குக்கூடக் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்தேன். எனக்கு இன்றும் ஆறாதது சிரித்தது இல்லை. அந்த வீடியோவில் குறட்டை நடுவில் நின்றுபோகிறது, பத்துப் பதினைந்து விநாடி சத்தமே இல்லை, அப்புறம் ‘ஹக்’ என்று திணறி மறுபடி தொடங்குகிறது. மூச்சு நிற்பது அப்படியே பதிவாகியிருக்கிறது. பார்த்த ஐம்பது பேரில் ஒரு நர்ஸும் இருந்தாள், இரண்டு பேர் பார்மசி படித்தவர்கள். ஒருவராவது, “அக்கா, டாக்டரைப் பாருங்க” என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். மதுரை டாக்டரிடம் அதே வீடியோவைக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை, எந்த வருடம் எடுத்தது என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு மணிக்கு 38 தடவை என்று வந்த அந்த எண், இன்றைக்கு என் மிஷினில் 2, சில நாள் 3. மத்தியானம் கடைசிப் பீரியட் வரை நின்றே பாடம் நடத்துகிறேன். போன மார்ச்சில் மறுபடி தேர்வு அறைக்குப் போனேன், மூன்று மணி நேரமும் நடந்துகொண்டே இருந்தேன்.

இப்போது நீங்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று. மாஸ்க் வந்த பெட்டியை எடுத்துப் பாருங்கள். பல மாஸ்க்குகளில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி குமிழ்கள் சேர்ந்தே வரும். எனக்கு விற்றவர் நடுத்தரத்தை மட்டும் மாட்டிக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டார், கேட்டபோது தனி விலை சொன்னார், பெட்டியின் மேல் எழுதியிருந்ததைக் காட்டிச் சண்டை போட்டுத்தான் வாங்கினேன். எனக்குச் சரியானது சின்னது. துளையைச் சுற்றி வெள்ளையாக அழுந்தினால் சைஸ் பெரிது, உள்ளே புதைந்து போனால் சிறியது. மாற்றிப் போட்டுவிட்டு, குமிழைத் தினமும் காலையில் மென்மையான சோப்பு நுரையில் கழுவி, முகத்தையும் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, நாளைச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தடவை போட்டு உட்காருங்கள். ரத்தம் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். எந்த சைஸ் சரியாக வந்தது என்று இங்கேயே எழுதுங்கள், நான் பார்ப்பேன்.