பிட்யூட்டரியின் முன் கதுப்புக்கு மூளையிலிருந்து நரம்பு செல்கிறதா? அதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

கேட்டிருப்பவர் முதுகலை விலங்கியல் மாணவர் என்று எடுத்துக்கொள்கிறேன். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் முன் கதுப்புக்கு (முன் பகுதிக்கு) நரம்புத் தொடர்பு கிடையாது, இரத்தக் குழாய்கள் வழியாக மட்டுமே மூளை அதை ஆள்கிறது என்று பாடநூல் சொல்வதாகவும், மீன்களில் நரம்பே நேராக உள்ளே போகிறது என்று ஓர் ஆசிரியர் சொன்னதாகவும், இதில் எது சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான். பாடநூல் பாலூட்டிகளைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. உங்கள் ஆசிரியர் எலும்பு மீன்களைப் பற்றிப் பேசுகிறார். தங்கமீனின் மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் இடையே ஓடும் நரம்பு இழைகளைத் தடம் பிடிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வாக இருந்தது என்பதாலும், இதே கேள்விக்காக வாய்மொழித் தேர்வில் நான் பட்ட பாடு இன்னும் ஆறாததாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பாலூட்டிகள். பின் கதுப்பைப் பற்றி எந்தச் சண்டையும் இல்லை. பிட்யூட்டரிக்கு நேர் மேலே இருக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள சுப்ராஆப்டிக், பாராவென்ட்ரிகுலர் என்ற இரு நரம்பணுத் தொகுதிகளிலிருந்து புறப்படும் ஆக்ஸான்கள் (நரம்பணுக்களின் நீண்ட இழைகள்) பிட்யூட்டரித் தண்டின் வழியே இறங்கிப் பின் கதுப்பில் முடிகின்றன; வாசோபிரஸ்ஸின், ஆக்ஸிடோசின் என்ற இரு ஹார்மோன்களும் அந்த முனைகளிலிருந்துதான் இரத்தத்தில் கலக்கின்றன. இந்த இழைக்கற்றையை ரமோன் இ கஹால் 1894-லேயே வெள்ளிச் சாயத்தில் பார்த்து விவரித்துவிட்டார். மனிதத் தண்டில் ஏறத்தாழ 1,00,000 இழைகள் இருப்பதாக 1938-இல் ராஸ்முசன் எண்ணிச் சொன்னார். ஆனால் அந்த இழைகள் அங்கே என்ன செய்கின்றன என்பது நெடுநாள் புரியவில்லை. 1928-இல் எர்ன்ஸ்ட் ஷாரர், மூளையிலுள்ள சில நரம்பணுக்கள் சுரப்பி அணுக்களைப் போலத் துகள்களைச் சுமந்திருக்கின்றன என்று எழுதியபோது பலரும் அதை நம்ப மறுத்தார்கள். அவர் அதைப் பார்த்தது ஒரு சிறிய நன்னீர் மீனின் மூளையில் என்பதை மீன்காரனாகிய நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். கணையத் திட்டுகளுக்கென்று கோமோரி உருவாக்கிய சாயத்தை 1949-இல் வோல்ஃப்காங் பார்க்மன் மூளைச் சீவல்களில் ஏற்றிப் பார்த்தபோது, ஹைப்போதலாமஸ் முதல் பின் கதுப்பு வரை முழுப் பாதையும் நீலக்கருப்பாகத் தெரிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தண்டை வெட்டிப் பார்த்தவர்கள், வெட்டுக்கு மேலே சாயம் பிடிக்கும் பொருள் தேங்குவதையும் கீழே வற்றுவதையும் கண்டதோடு ஷாரரின் கட்சி வென்றது.

முன் கதுப்பின் கதை வேறு. அங்கே நரம்பிழைகள் மிகக் குறைவு; இருப்பவையும் பெரும்பாலும் இரத்தக் குழாய்களைச் சுற்றி நிற்பவை. பொப்பாவும் ஃபீல்டிங்கும் 1930-இல் தண்டில் ஓடி ஹைப்போதலாமஸையும் முன் கதுப்பையும் இணைக்கும் போர்ட்டல் இரத்தக் குழாய்களை விவரித்தார்கள், ஆனால் இரத்தம் சுரப்பியிலிருந்து மூளையை நோக்கி மேலே போகிறது என்று கருதினார்கள். அது கீழ்நோக்கித்தான் ஓடுகிறது என்பதை 1935-இல் ஊஸாயின் குழுவினர் உயிருள்ள தேரையில் பார்த்தார்கள். ஜெஃப்ரி ஹாரிஸ் தண்டை வெட்டிய எலிகளில், குழாய்கள் மீண்டும் வளர்ந்து இணைந்தால் இனப்பெருக்கச் செயல் திரும்புவதையும், வெட்டின் இடையே ஒரு சிறு காகிதத் தகட்டைச் செருகிக் குழாய்களை வளரவிடாமல் தடுத்தால் அது திரும்பாததையும் காட்டினார். மரநாய் இனத்தைச் சேர்ந்த ஃபெரட்டை வைத்துக்கொண்டு சக்கர்மன் இதை மறுத்து அவரோடு பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றார். கடைசியில் கீமனும் ஷாலியும் தனித்தனியே ஹைப்போதலாமஸ் சுரந்து முன் கதுப்பைத் தூண்டும் டி.ஆர்.எச். என்ற ஹார்மோனின் மூலக்கூறு அமைப்பை 1969-இல் கண்டறிந்து, 1977-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்ற பிறகு வழக்கு முடிந்தது. உங்கள் பாடநூலில் உள்ள வாக்கியம் இந்த வழக்கின் தீர்ப்பு. பாலூட்டிக்கு எழுதப்பட்ட தீர்ப்பு என்ற அடைமொழி மட்டும் உதிர்ந்துவிட்டது.

எலும்பு மீன்களில் பாலூட்டிகளுக்கு உள்ளது போன்ற போர்ட்டல் அமைப்பு இல்லை. பின் கதுப்புக்கு இணையான நரம்புக் கதுப்பு விரல்விரலாகப் பிரிந்து, முன் கதுப்புக்கு இணையான சுரப்பிக் கதுப்புக்குள் நுழைந்திருக்கும்; ஹைப்போதலாமஸ் இழைகள் அந்த வழியே போய் ஹார்மோன் சுரக்கும் அணுக்களின் அருகிலேயே, சில இனங்களில் அவற்றைத் தொட்டுக்கொண்டே, முடிகின்றன. ஆகவே மூளையின் எந்தப் பகுதி பிட்யூட்டரியை ஆள்கிறது என்று தெரிந்துகொள்ள மீனில் ஒரு நேரான வழி உண்டு: சுரப்பியில் சாயம் வைத்து, அது மூளையில் எந்த அணுவில் போய்ச் சேர்கிறது என்று பார்க்கலாம்.

1970-களில் இதற்கு ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் என்ற நொதியைப் பயன்படுத்தினார்கள். அதை உயிருள்ள நரம்பின் முனைதான் உறிஞ்சி அணுவுடல் வரை எடுத்துச் செல்லும் என்பதால், உயிருள்ள மீனின் பிட்யூட்டரிக்குள் ஊசி போட்டாக வேண்டும். நாங்கள் பயன்படுத்திய டை-ஐ (DiI) என்ற ஒளிரும் சாயத்துக்கு அந்த அவசியம் இல்லை. அது கொழுப்பில் கரைவது. நரம்பிழையின் சவ்வில் பட்டால், நீர்மேல் விழுந்த எண்ணெய்த் துளியைப் போல அந்தச் சவ்விலேயே படர்ந்துகொண்டு போகும், அடுத்த அணுவின் சவ்வுக்குப் பெரும்பாலும் தாவாது. பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய திசுவிலும் இது நடக்கும். மீனை வதைத்தாயா என்று கேட்க வருபவர்களுக்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆழ்ந்த மயக்கத்தில் உயிர் போன பிறகே எங்கள் வேலை தொடங்கியது, நிறுவனத்தின் நெறிக்குழு அனுமதியும் இருந்தது.

மிகக் கடினமான கட்டம் சாயம் வைப்பது அன்று, சுரப்பி அறுந்துவிடாமல் மூளையை வெளியே எடுப்பது. மீனின் பிட்யூட்டரி மண்டையோட்டின் தரையில் ஒரு குழிக்குள், மெல்லிய சவ்வின் கீழ் உட்கார்ந்திருக்கும். மூளையை மேலிருந்து தூக்கினால் தண்டு அறுந்து சுரப்பி குழியிலேயே தங்கிவிடும். மீன் குஞ்சுப் பொரிப்பகங்களில் கெண்டையின் பிட்யூட்டரியைச் சேகரிப்பவர்களுக்கு அதுதான் வசதி: மூளையை ஒதுக்கிவிட்டு, சவ்வைக் கிழித்து, குழியிலிருந்து சுரப்பியை இடுக்கியால் பொறுக்கி ஆல்கஹாலில் போட்டுவிடுவார்கள். எனக்கு அது எதிரி. ஆகவே தலையை முழுதாகப் பதப்படுத்தி, கவிழ்த்து வைத்து, மேலண்ணத்தின் பக்கமிருந்து எலும்பைச் சில்லுச்சில்லாக உரித்து, பார்வை நரம்புகளை முதலில் வெட்டிவிட்டு, சுரப்பியோடு மூளையைக் குழியிலிருந்து விடுவிப்போம். பிறகு பூச்சி ஊசியின் நுனியில் ஒரேயொரு படிகத்தை ஒட்டவைத்துச் சுரப்பிக்குள் செருகி, வாயை அகார் கொண்டு அடைத்து, இருட்டில் 37 டிகிரி வெப்பத்தில் வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அதன்பின் அதிரும் கத்தியால் திசுவைச் சீவும் வைப்ரடோம் கருவியில் சீவி, ஆல்கஹாலோ சோப்புக் கரைசலோ படாமல் ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு முன்னாலுள்ள பிரிஆப்டிக் பகுதியில் அணுவுடல்கள் செம்மஞ்சளாக எரியும். அங்கிருந்து மெல்லிய இழைகள் கீழே வளைந்து தண்டுக்குள் இறங்குவதைச் சீவல் சீவலாகத் தொடரலாம்.

இதைத்தான் என் தேர்வாளர் ஏற்க மறுத்தார். முன் கதுப்புக்கு நரம்பே இல்லை என்பது இளங்கலைப் பாடம், உங்கள் சாயம் கசிந்திருக்கிறது என்றார். கசிவு என்பது நியாயமான ஐயம். பெரிய படிகம் வைத்தால் தண்டை ஒட்டியுள்ள பக்க டியூபர் தொகுதி என்ற ஹைப்போதலாமஸ் நரம்பணுத் தொகுதி நேரடியாகவே கறைபடும் என்பதால் அந்தத் தொகுதியைப் பற்றி நாங்கள் வலுவாக எதுவும் எழுதவில்லை. ஆனால் கசிந்த சாயம் இடையிலுள்ள திசுவை இருட்டாக விட்டுவிட்டுத் தொலைவிலுள்ள தனித்தனி அணுக்களை மட்டும் பொறுக்கி எரியவைக்காது. தண்டை வெட்டி, சுரப்பியை அதே இடத்தில் அகாரால் ஒட்டி, அதே கால அளவு வைத்த மூளைகளில் பிரிஆப்டிக் பகுதி இருட்டாகவே இருந்தது. எதிர்த்திசையிலும் செய்தோம்: பிரிஆப்டிக் பகுதியில் படிகம் வைத்தபோது சுரப்பிக்குள் இழைகள் தெரிந்தன. படங்கள் எல்லாம் ஆய்வேட்டில் இருந்தன. இருந்தும் முடிவுரையில் 'செல்கின்றன' என்ற இடங்களில் எல்லாம் 'செல்லக்கூடும்' என்று மாற்றிய பிறகே கையெழுத்து கிடைத்தது. மீனைப் பற்றிய ஓர் ஆய்வேட்டுக்கு எலியை மட்டும் படித்தவரைத் தேர்வாளராகப் போடுவது நம் பல்கலைக்கழகங்களில் புதிதல்ல என்று இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மருத்துவம் படித்தவர்கள் யாராவது, மீனில் இருந்தால் எங்களுக்கென்ன என்று கேட்கலாம். ஹிராலால் சௌத்ரி 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு இந்தியக் கெண்டையை முட்டையிடவைத்ததிலிருந்து நம் நாட்டுக் கெண்டை வளர்ப்பு அந்தச் சுரப்பியை நம்பித்தான் இருந்தது. இப்போது பல பொரிப்பகங்களில் போடுவது, இனப்பெருக்க ஹார்மோன்களை விடுவிக்கும்படி பிட்யூட்டரியைத் தூண்டும் மூளையின் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனை ஒத்த செயற்கை மூலக்கூறோடு, வாந்திக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் அதே டோம்பெரிடோனைக் கலந்த ஊசி. டோம்பெரிடோன் எதற்கு? தங்கமீனின் பிரிஆப்டிக் பகுதியைச் சேதப்படுத்தினால் அது தானாக முட்டை விடுகிறது என்று 1980-இல் கனடாவில் ரிச்சர்ட் பீட்டரின் குழு கண்டது. அங்கிருந்து பிட்யூட்டரிக்கு இறங்கும் நரம்பிழைகள் டோபமைன் என்ற நரம்புச் செய்திப் பொருளைக் கொட்டி, முட்டை வெளியேறத் தூண்டும் ஹார்மோனை அடக்கிவைக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த டோபமைனைத் தடுப்பதற்குத்தான் டோம்பெரிடோன். முன் கதுப்புக்கு நரம்பே இல்லாத மீனாக இருந்திருந்தால் இந்தக் கதையை இப்படி எழுதியிருக்க முடியாது.

டை-ஐ சொல்லாதவற்றையும் தெரிந்து வைத்திருங்கள். எரியும் அணு எந்த ஹார்மோனைச் சுரக்கிறது என்று அது சொல்லாது. அதற்கு எதிர்ப்பொருள் கொண்டு தனியே சாயமேற்ற வேண்டும். அந்த இழை சுரப்பி அணுவில் முடிகிறதா, பக்கத்திலுள்ள இரத்த நுண்குழாயில் முடிகிறதா என்றும் சொல்லாது. மீனின் பிட்யூட்டரியிலும் நுண்குழாய்கள் அடர்ந்திருப்பதால் நரம்பு மட்டுமே எல்லாம் என்று நானும் வாதிடவில்லை. பதப்படுத்திய முதிர்ந்த மனித மூளையில் இந்தச் சாயம் சில மில்லிமீட்டர்தான் நகரும் என்பதால் அங்கே இதை நம்பி இறங்க வேண்டாம். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், 'பாலூட்டிகளில்' என்ற சொல்லை முதலில் எழுதிவிட்டுப் போர்ட்டல் குழாய்களைப் பற்றி எழுதுங்கள். இடம் இருந்தால் எலும்பு மீன்களுக்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்குங்கள்.