காட்சிக்கு வைக்கிற வெங்காயத்தை நிழலில் காயவையுங்கள்

கேள்வி: அண்ணை, எங்கள் பக்கத்து விவசாயக் கண்காட்சியில் சின்ன வெங்காயம் வைக்க விருப்பம். விளைச்சல் நல்லாத்தான் வருகிறது, கிண்டி முற்றத்தில் பரப்பினால் தோல் வெடித்து உதிர்ந்துவிடுகிறது. இங்கிலாந்தில் இதற்கென்றே போட்டி இருக்காம் என்று மச்சாள் சொல்லுறா. அங்கே எதைப் பார்ப்பார்கள்?
(வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: முற்றத்து வெயில்தான் காரணம், தங்கச்சி. நம்முடைய வன்னி வெயிலில் வெறும் நிலத்தில் கிடந்தால் வெளித்தோல் வெடிக்கும், சிலவேளை உள்சதையும் அவிந்துபோகும். தாள் பாதிக்கு மேல் சாய்ந்ததும் கிண்டி, மண்ணை உதறி, தாளோடு சின்னச் சின்னப் பிடியாகக் கட்டி, இரண்டு பக்கமும் காற்றுப் புகுகிற கொட்டிலில் தொங்கவிடுங்கள். சிறுபோக வெங்காயமென்றால் மிச்ச வேலையைக் கச்சான் காற்றே செய்துவிடும். கழுத்தை விரலால் அமத்தும்போது ஈரம் தட்டுப்படாமல் இருக்கவேண்டும், அதுவரைக்கும் தாளை வெட்டவே வேண்டாம்.

காய்வது பாத்தியிலேயே தொடங்குகிறது. யூரியாவைப் பிந்திப் போட்டால் கழுத்து தடித்துக் காயாமல் நிற்கும். கிண்டுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே தண்ணீரை நிறுத்துங்கள், காய்ந்த பாத்திக்குத் திரும்பத் தண்ணீர் விட்டால் காய் பிளக்கும்.

இங்கிலாந்தில் பெரிய காய் ஒரு பிரிவு, ஊறுகாய்க்கான சின்னக் காய் இன்னொரு பிரிவு. சின்னதில் குறுக்களவு 30 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, வளையத்துக்குள் விட்டே அளப்பார்கள். வேரை அடியோடு ஒட்ட நறுக்கி, காய்ந்த கழுத்தை ராஃபியா என்கிற ஒருவகைப் பனை நாரால் சுற்றிக் கட்டி, உலர்ந்த மணல் பரப்பிய தட்டில் நிறுத்துவார்கள். (நமக்குப் பனங்குருத்தோலையை மெல்லிசாகக் கிழித்தால் போதும், அதைவிட வடிவாக இருக்கும்.) அளவு, உருண்டை, நிறம் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கவேண்டும், ஆகப் பெரியதைத் தேடிப்பிடித்து நடுவில் வைத்தால் தட்டே கெட்டுவிடும். அப்புறம், பளபளப்புக்காகத் தோலை உரித்துக்கொண்டே போகாதீர்கள், அதற்குப் புள்ளி குறையும். தானாகக் கழன்று நிற்கிற தோலை மட்டும் எடுங்கள். கழுவவும் வேண்டாம்.

கேள்வி: காட்சிக்கு வைத்ததையே பிறகு விதைக்கு வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் தோலும் கழுத்தும் வெட்டுப்பட்ட காய் கனகாலம் நிற்காது, முளைப்பு வந்ததும் நட்டுவிடுங்கள். நெடுநாள் வைக்கிற விதை வெங்காயத்தைத் தாளோடு பிடியாகவே தொங்கவிடவேண்டும். இலை முறுகல் வந்த பாத்தியிலிருந்து ஒரு காய்கூட எடுக்காதீர்கள், காய் வழியாகவே அந்த நோய் அடுத்த போகத்துக்கும் வரும்.