விசாரணை முடியும் முன்பே நிறுவனத்தின் பெயரை வெளியிடலாமா?

நுகர்வோர் பாதுகாப்பு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஒழுங்குமுறை ஆணையம் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம், ஆனால் எல்லா வழக்கிலும் அல்ல. பெயர் தெரிந்தால் ஒருவர் இன்றைக்கே தன் பணத்தையோ உயிரையோ காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியும் என்றால் தாமதிக்கக் கூடாது. தவறு நின்றுவிட்டது, இனி புதிதாக யாரும் மாட்டப்போவதில்லை என்றால், முகாந்திரம் உறுதியாகிக் குற்றச்சாட்டு நோட்டீஸ் போகும்வரை பொறுக்கலாம். குற்றம் எவ்வளவு பெரியது என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது.

அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், உற்பத்தியாளரை அடையாளம் காட்டும் தகவலை வெளியிடும் முன் பொதுவாக 15 நாள் அவகாசம் தர வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் அதைக் குறைக்கலாம். 2021 ஏப்ரல் 17 அன்று உடற்பயிற்சிக் கருவிகள் விற்கும் பெலோட்டன் நிறுவனத்தின் ஒரு டிரெட்மில் (ஓட்டப்பயிற்சி இயந்திரம்) குறித்து, அந்த நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே ஆணையம் எச்சரித்தது. குழந்தைகள் அதன் அடியில் இழுக்கப்பட்டார்கள். ஒரு குழந்தை இறந்திருந்தது. எச்சரிக்கையே தவறானது என்று நிறுவனம் மறுத்தது. மே 5 அன்று அதே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு இயந்திரத்தைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 18 நாளும் வீட்டில் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு எந்த இயந்திரத்தை விட்டுக் குழந்தையை விலக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. பெயர் இல்லாமல் "டிரெட்மில்களில் கவனம்" என்று சொல்லியிருந்தால் எந்தப் பயனும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம், பொதுநலன் இருந்தால் விசாரணையின் தொடக்கத்திலேயே பெயரை வெளியிடலாம் என்று 2024 பிப்ரவரியில் முன்மொழிந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2025 மார்ச்சில் அதைக் கைவிட்டு, "விதிவிலக்கான சூழ்நிலை" என்ற பழைய அளவுகோலிலேயே நின்றது. உரிமம் பெறாமல் தொழில் செய்வோர் விஷயத்தில் கூடுதலாக வெளிப்படையாகப் பேசவும் முடிவு செய்தது. இந்தப் பிரிவினை சரியென்றே நினைக்கிறேன். உரிமம் உள்ளவரின் விற்பனையை ஓர் உத்தரவில் நிறுத்திவிடலாம். உரிமமே இல்லாதவரிடம் மக்கள் பணம் கொடுப்பதைத் தடுக்க, பெயரைச் சொல்வதைவிட வேகமான வழி கிடையாது.

ஆணையங்கள் அதிகம் சறுக்குவது முன்பணம் வாங்கும் தொழில்களில்தான். பெயர் வெளியான அன்றே புதிய முன்பதிவு நின்றுவிடும். பழைய வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் பெரும்பாலும் அந்தப் புதிய வரவிலிருந்துதான் வந்துகொண்டிருக்கும். நிறுவனம் திவாலானால் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசிப் பக்கம் நிற்பார்கள். அதனால் முதலில் நிறுவனத்தின் வங்கிக் கணக்கை முடக்க உத்தரவு வாங்க வேண்டும். பெயர் அதற்குப் பிறகு. திடீர் சோதனை நடக்கவிருந்தால் அது முடியும்வரை வாய் திறக்கக் கூடாது, ஆவணங்கள் அழிந்துவிடும். துறை முழுக்க ஒரே தவறு நடக்கிறது என்றால், ஒருவர் பெயரை மட்டும் சொல்வது அவருடைய போட்டியாளருக்குச் செய்யும் உதவி. அங்கே நடைமுறையை மட்டும் விவரித்தால் போதும்.

அறிவிப்பின் வாசகமும் முக்கியம். "வாடிக்கையாளர்களை ஏமாற்றியது குறித்து விசாரணை" என்று எழுதினால் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. "சந்தாவை ரத்து செய்ய இணையதளத்தில் தரப்பட்டுள்ள வழி சட்டப்படி உள்ளதா என்று விசாரிக்கிறோம், எந்த முடிவுக்கும் இன்னும் வரவில்லை" என்பது சரியான வாசகம். பதிவு எண், இணைய முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை நடந்ததை விசாரிக்கிறார்கள் என்பவை கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் அதே பெயரில் இருக்கும் இன்னொருவரின் கடை காலியாகும். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் வர்த்தக நேரத்துக்கு வெளியே வெளியிட வேண்டும். பணம் கட்டியவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்ற வரி இல்லாத அறிவிப்பு, பீதியைத்தான் கிளப்பும்.

விசாரணை கைவிடப்பட்டால் அதை அதே பக்கத்தில், அதே அளவு தலைப்பில், முதல் அறிவிப்பு யாருக்கெல்லாம் போனதோ அவர்களுக்கெல்லாம் அனுப்பிச் சொல்ல வேண்டும். பல இடங்களில் பழைய பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்ப்பதோடு முடித்துவிடுகிறார்கள். தேடுபொறியில் பெயரைத் தட்டுபவர் கண்ணில் படுவது பழைய தலைப்புதான். அந்த அடிவரி அல்ல.