ரோமா மக்களோட பத்திரிகை

கேள்வி: ஐரோப்பால ஜிப்சின்னு சொல்றாங்களே, அந்த ரோமா மக்கள் அவங்க மொழியிலயே பத்திரிகை நடத்தியிருக்காங்களா? இல்ல எல்லாம் வாய்வழிப் பாட்டும் கதையும்தானா?

பதில்: நடத்தியிருக்காங்க, அதுவும் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே. 1920கள்ல சோவியத் அரசாங்கம் அவங்க பேசுற ரோமானி மொழிக்கு ரஷ்ய எழுத்த வச்சே ஒரு எழுத்துமுறைய உருவாக்க, 1927ல மாஸ்கோல ‘ரோமானி ஸோர்யா’ன்னு ஒரு பத்திரிகை வந்துச்சு, அது நின்னதும் ‘நேவோ த்ரோம்’ 1932 வரைக்கும் ஓடுச்சு. எழுத்தாளர் அலெக்சாந்தர் ஜெர்மானோ கதை, கவிதை, நாடகம்னு எழுதித் தள்ள, நிக்கோலாய் பன்கோவ் ரஷ்யக் கவிஞர் புஷ்கினோட ‘ஜிப்சிகள்’ கவிதையையே ரோமானியில கொண்டுவந்தார், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், தங்களப் பத்தி அடுத்தவங்க எழுதினத தங்க மொழியிலயே படிக்கிறது சும்மாவா!

ஆனா அரசாங்கம் குடுத்தத அரசாங்கமே புடுங்கிக்கிச்சு, 1938ல ரோமானிப் பள்ளிக்கூடம், புத்தகம் எல்லாத்தயும் நிறுத்திட்டாங்க. 1931ல தொடங்கின ரோமா மக்களோட ‘ரோமேன்’ தியேட்டர் மட்டும் தப்பிச்சுது, இன்னிக்கும் மாஸ்கோல நாடகம் போடுறாங்க. யூகோஸ்லாவியால 1935ல பெல்கிரேட்ல ‘ரோமானோ லில்’னு ஒண்ணு வந்துச்சு, மூணே இதழ், அதோட சரி.

போலந்து நாட்டு ரோமா கவிஞர் பாபுஷா கதையையும் தேடிப் படிங்க. சின்ன வயசுல திருடின கோழியக் குடுத்து யூதக் கடைக்காரம்மாகிட்ட எழுத்துக் கத்துக்கிட்டவங்க, பின்னாடி கவிதை அச்சுல வந்ததும் நம்ம ரகசியத்த வெளிய சொல்லிட்டான்னு சொந்த ஜனங்களே ஒதுக்கி வச்சுட்டாங்க.