இருபத்தெட்டு நாளும் ஒரு ரயில் வட்டமும்

அன்புள்ள சார்,

நாகர்கோவிலில் பி.பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறேன். ஊர் தக்கலை. ஆறாவது செமஸ்டர் பரீட்சை மே முதல் வாரத்தில் முடியும். செப்டம்பர் 20 வாக்கில் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. வகுப்பு தொடங்குகிறது. பல்கலைக்கழகம் லண்டனுக்கு வெளியே. கண்டிஷனல் ஆஃபர் (நிபந்தனையோடு கூடிய சேர்க்கைக் கடிதம்) கையில் இருக்கிறது. பரீட்சை முடிந்த மறுநாளே கிளம்பி ஒன்றரை மாதம் ஊர் சுற்றிவிட்டு, ஜூன் கடைசியில் வந்து விசா வேலையைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். கூட்டாளிகள் தாய்லாந்து என்கிறார்கள், எனக்கு ரயிலில் போக ஆசை. அப்பாவோ, “முதல்ல பேப்பர் வேலை, பெறவு ஊர்சுற்று” என்கிறார். பணம் அப்பா கணக்கில் கொஞ்சமும் கல்ஃபில் இருக்கும் மாமா கணக்கில் கொஞ்சமும் இருக்கிறது. எப்படித் திட்டமிடலாம்?

வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

அப்பா சொல்வது பாதி சரி. பேப்பர் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பயணம் என்றால் ஆகஸ்ட் வந்துவிடும், அப்போது பெட்டி கட்டத்தான் நேரம் இருக்கும். ஆனால் ஜூன் கடைசியில் தொடங்கலாம் என்ற உங்கள் கணக்கும் உதைக்கிறது. எங்கே உதைக்கிறது என்பதைப் பின்னாலிருந்து எண்ணினால் தெரியும்.

செப்டம்பர் 20இல் வகுப்பு என்றால், ஜூலை பாதியில் விசா விண்ணப்பம் போய்விட வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு முடிவு வரப் பொதுவாக மூன்று வாரம் ஆகும், கோடை நெரிசலில் கொஞ்சம் கூடலாம். விண்ணப்பத்தோடு காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்த 28ஆம் நாள், விண்ணப்பிக்கும் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விழ வேண்டும். ஆக, ஜூன் 10 வாக்கில் முழுத்தொகையும் கணக்கில் உட்கார்ந்துவிட வேண்டும். நீங்கள் ஜூன் கடைசியில் ஊர் திரும்பிப் பணத்தைத் திரட்டத் தொடங்கினால் விண்ணப்பமே ஆகஸ்ட்டுக்குப் போய்விடும்.

எவ்வளவு பணம்? லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண்ட் வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்ட் (2025 நவம்பர் 11 முதல் இந்தத் தொகை; விண்ணப்பிக்கும் முன் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்). அதோடு, கட்டியது போக மீதிப் படிப்புக் கட்டணம். நீங்கள் கட்டிய முன்பணம் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிப் பதிவான சி.ஏ.எஸ்.இல் ஏறியிருந்தால் கழித்துக்கொள்வார்கள். ஏறவில்லை என்றால் ரசீது வேண்டும். ரூபாயை பவுண்டாக மாற்றிப் பார்ப்பது விண்ணப்ப நாளின் விலையில். ஆகவே கணக்குப் போட்டு வருவதற்கு மேல் ஒரு லட்சமாவது கூட வையுங்கள். சரியாகத் தொகையை மட்டும் வைத்தவர்கள், பவுண்ட் இரண்டு ரூபாய் ஏறியதில் கீழே விழுந்திருக்கிறார்கள்.

இனி மாமா விஷயம். மாமா கணக்கில் இருக்கும் பணம் எவ்வளவு இருந்தாலும் செல்லாது. உங்கள் கணக்கு, அல்லது அப்பா அம்மா கணக்கு. பெற்றோர் கணக்கென்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் படிப்புக்குத் தரச் சம்மதம் என்ற கடிதமும் வேண்டும். மாமா, சித்தப்பா, பாட்டா கணக்குக்கெல்லாம் இடமில்லை. மாமா தரப்போகிறார் என்றால் மே மாதத்திலேயே அப்பா கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள், 28 நாள் அங்கிருந்து ஓடட்டும். நகை, பங்கு எதுவும் கணக்கில் சேராது. பிக்சட் டெபாசிட் உடைத்து எடுக்கக்கூடியதென்றால் சேரும். வங்கியில் கல்விக்கடன் எடுத்தால் இந்த 28 நாள் தொல்லை இல்லை, கடன் கடிதம் ஆறு மாதத்துக்குள் எழுதியதாக இருந்தால் போதும்.

இந்த 28 நாளில் ஒரு நாள் இருப்பு தேவையான தொகைக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். குறைவது எப்படி என்று பார்த்தால் சிரிப்பு வரும்: வீட்டுக்கடன் தவணை தானாகப் பிடித்தம் ஆகும், இன்சூரன்ஸ் பிரீமியம் போகும், இல்லையென்றால் மகன் கோவாவின் மட்காவில் ஏடிஎம்மில் அப்பாவின் கார்டைச் செருகி இரண்டாயிரம் எடுப்பான். பயணத்துக்கு வேறு வங்கியில் ஒரு தனிக் கணக்கு வையுங்கள், அந்தக் கார்டு மட்டும் பையில் இருக்கட்டும். விசாக் கட்டணமும், அங்கே அரசு மருத்துவச் சேவைக்காகக் கட்டும் மருத்துவ சர்சார்ஜும் வேறு. மாணவருக்கு சர்சார்ஜ் ஆண்டுக்கு 776 பவுண்ட். ஓராண்டுப் படிப்புக்கு முன்பின் மாதங்கள் சேர்த்து பெரும்பாலும் ஒன்றரை ஆண்டுக்கான 1,164 பவுண்ட் வரும். விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும், 28 நாள் பணத்திலிருந்து இதை எடுப்பதாக நினைக்காதீர்கள்.

அடுத்தது விசாவுக்குக் கேட்கும் காசநோய்ச் சோதனை. இதைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். எக்ஸ்-ரே சுத்தமாக இருந்தால் அன்றோ மறுநாளோ சான்றிதழ் கிடைத்துவிடும், அது ஆறு மாதம் செல்லும். படத்தில் நிழல் தெரிந்தால் மூன்று நாள் சளி மாதிரி கேட்பார்கள், அதை ஆய்வகத்தில் கல்ச்சரில் வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல எட்டு வாரம் வரை ஆகும். பழைய நிமோனியாத் தழும்பும் நிழல்தான். ஜூலையில் இது நடந்தால் செப்டம்பர் வகுப்பு போயிற்று. மே மாதத்தில் நடந்தால் நேரம் இருக்கிறது. அதனால் பரீட்சை முடிந்த வாரத்திலேயே, இங்கிலாந்து அரசு ஒப்புக்கொண்ட மையத்தில் நேரம் வாங்குங்கள். சென்னையில் இருக்கிறது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் காலையில் எழும்பூர், சோதனை முடித்து அன்று இரவே திரும்பலாம்.

சென்னை போனதே போனோம், அங்கிருந்தே ஊர்சுற்றக் கிளம்பலாமே என்று தோன்றும். வேண்டாம். சோதனைக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும். அதைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஸ்லீப்பர் கோச்சில் தூங்குவது வீண் ஆபத்து. தொலைந்தால் போலீஸ் புகார், புது பாஸ்போர்ட், எண் மாறியதால் பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் திருத்தச் சொல்லி மின்னஞ்சல். வீட்டுக்கு வந்து பீரோவில் பூட்டிவிட்டுப் போங்கள். உள்நாட்டு ரயிலுக்கு ஆதார் போதும்.

அதே வாரத்தில் கல்லூரி அலுவலகத்தில் முடிக்க வேண்டியவை: நோ-டியூஸ், டி.சி., ஆங்கில வழியில் படித்ததற்கான கடிதம், இதுவரையிலான ஐந்து செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களின் ஸ்கேன். கோடையில் அலுவலகத்தில் ஆள் குறைவு, கையெழுத்துப் போடும் ஒருவர் விடுப்பில் போனால் பத்து நாள் நின்றுவிடும். பெயரையும் பாருங்கள். நம் ஊரில் மார்க்‌ஷீட்டில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து கிடக்கும். சிலர் வீட்டுப் பெயரையும் சேர்த்திருப்பார்கள். சி.ஏ.எஸ்., காசநோய்ச் சான்றிதழ், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுச் சான்று மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஆஃபர் கடிதத்தில் இனிஷியலோடு வந்திருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

இதெல்லாம் மே 15க்குள் முடியும். அங்கிருந்து ஜூன் முதல் வாரம் வரை உங்கள் நாட்கள். மூன்று வாரம்தானே என்று வருந்த வேண்டாம், ஸ்லீப்பரில் பதினான்கு நாளுக்கு மேல் யாருக்கும் முதுகு ஒத்துழைக்காது.

ரயில் ஆசைக்கு நான் சொல்வது சர்க்குலர் ஜர்னி டிக்கெட். புறப்பட்ட நிலையத்துக்கே வேறு வழியில் திரும்புகிற பயணத்துக்கு ரயில்வே தரும் ஒரே டிக்கெட் இது. நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். கட்டணக் கணக்குதான் இதில் ருசி: மொத்த தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு ஒற்றைப் பயணமாகப் போடுவார்கள். வட்டம் 3,600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,800 கிலோமீட்டருக்கு இரண்டு டிக்கெட் விலை. ரயில் கட்டணம் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்குக் குறையும். துண்டு துண்டாக ஏழெட்டு டிக்கெட் எடுப்பதைவிட இது மலிவாக வருவது அதனால்தான். பிசினஸ் படிக்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்குப் பொருந்தும் வட்டம் கண்முன்னே இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம், எர்ணாகுளம், மங்களூரு, மட்காவ் என்று கொங்கண் பாதையில் மும்பை. திரும்பும்போது புனே, சோலாப்பூர், குண்டக்கல், சேலம், மதுரை, திருநெல்வேலி வழி நாகர்கோவில். போகும்போது திருவனந்தபுரத்திலிருந்து தினமும் புறப்படும் நேத்ராவதி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. திரும்புவதற்கு மும்பை–நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் இந்த வழியில்தான் வருகிறது, ஆனால் எல்லா நாளும் ஓடாது, கிழமை பார்த்து மும்பை நாட்களை அமையுங்கள். கொங்கணை முதலில் வைத்ததற்குக் காரணம் மழை. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் தொடங்குவது சில நாளில் கொங்கணுக்கு ஏறிவிடும், ஜூன் பாதியில் அங்கே மழைக்கால அட்டவணை வந்து ரயில்கள் மெதுவாகும்.

டிக்கெட்டை ஆன்லைனில் எடுக்க முடியாது. எந்த நிலையங்கள், எந்த வழி, எங்கெங்கே இறங்குகிறீர்கள், எந்த வகுப்பு என்று ஒரு தாளில் எழுதி கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். நம் மாவட்ட நிலையங்கள் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருப்பதால் திருவனந்தபுரம் போய்வருவது ஒரு காலைப் பொழுது வேலை. அவர்கள் கட்டணம் கணக்கிட்டுத் தரும் படிவத்தைக் காட்டித்தான் டிக்கெட் வாங்குவது. இங்கே பலர் ஏமாறுவது ஒன்றில்: அந்த டிக்கெட் பயணம் செய்யும் உரிமை மட்டும் தருகிறது, படுக்கை தருவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ரிசர்வேஷன் போட வேண்டும், அதற்கான கட்டணமும் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணமும் தனி. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, மே மாதமோ பள்ளி விடுமுறை. பரீட்சை அட்டவணை வந்த வாரத்திலேயே இந்த வேலையைச் செய்யாவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான். வெயிட்டிங் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏற முடியாது. தட்கல் நம்பிப் போகிறவர்கள் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்பே இணைத்து வைக்க வேண்டும். தட்கல் திறப்பது ஏசிக்கு முந்தைய நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

எட்டு இடமும் இறங்க அனுமதி உண்டு என்பதற்காக எட்டிலும் இறங்காதீர்கள். நான்கு போதும்: எர்ணாகுளம், மட்காவ், மும்பை, சோலாப்பூர். எர்ணாகுளத்தில் மட்டாஞ்சேரி மசாலாக் கடைகளைப் பாருங்கள். நம் மலையோரத்துக் கிராம்பும் நல்லமிளகும் மொத்த வியாபாரத்தில் எப்படித் தரம் பிரிகின்றன என்று நின்று பார்த்தால் அரைநாள் போதாது. சோலாப்பூரில் போர்வைத் தறிகள். மும்பையில் மூன்று நாள். தங்குவதற்கு ரயில்வே ரிட்டயரிங் ரூமை முதலில் பாருங்கள். உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் இருந்தால் ஐஆர்சிடிசியில் எடுக்கலாம். கிளோக் ரூமில் பூட்டு இல்லாத பையை வாங்கமாட்டார்கள், ஒரு சின்னப் பூட்டு கொண்டுபோங்கள்.

கிளம்பும் முன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: சி.ஏ.எஸ். தருவதற்கு முன் வீடியோ நேர்காணல் உண்டா, எப்போது? உண்டென்றால் திரும்பி வந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். கொங்கணில் சுரங்கத்துக்குச் சுரங்கம் சிக்னல் போகும், “ஏன் இந்தப் படிப்பு” என்ற கேள்விக்கு நடுவில் நீங்கள் இருளில் மறைவது நல்லதல்ல. தேர்வு முடிவு நீங்கள் வெளியூரில் இருக்கும்போது வந்தால், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கெடு குறுகியது. பதிவு எண்ணை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தாய்லாந்து? தடை ஒன்றும் இல்லை. விசா விண்ணப்பத்தில் கடந்த பத்தாண்டு வெளிநாட்டுப் பயணங்களைத் தேதியோடு எழுதக் கேட்பார்கள், அதையும் எழுதினால் முடிந்தது. ஆனால் அந்தச் செலவு 28 நாள் பணத்தின் மேல்தான் கை வைக்கும். அடுத்த வருஷம் முழுக்க வெளிநாட்டில்தானே இருக்கப் போகிறீர்கள்.

ஜூலை பாதியில் பயோமெட்ரிக் (கைரேகை, புகைப்படம்) கொடுக்கச் சென்னைக்கே போக வேண்டும் என்பதில்லை. இந்த விசாவுக்கு மாநில எல்லை கிடையாது, கொச்சி மையத்திலும் கொடுக்கலாம். அதற்குப் பின் மூன்று வாரம் காத்திருப்பு. அப்போது மாவட்டத்தை விட்டுப் போகாதீர்கள், கூடுதல் ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் நாள் கணக்கில் பதில் போக வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை உங்கள் ஊர்தான், வெளிநாட்டு நண்பர்கள் கேட்கும்போது சொல்லவாவது ஒருமுறை முழுதாகப் பாருங்கள் (திங்கள் விடுமுறை). மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை, விடியற்காலைத் தோவாளைப் பூச்சந்தை. முகூர்த்த நாளுக்கு முந்தின காலையில் போனால் பிச்சி விலை மணிக்கு மணி ஏறுவதைப் பார்க்கலாம். விவேகானந்தர் பாறைக்குப் படகு அந்த மாதங்களில் கடல் கொந்தளித்தால் நிற்கும், காலையிலேயே போங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே மலைக்குப் போனால் செல்பேசி வேலை செய்யாது, ஊர் திரும்பியதும் முதலில் மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள்.