மாமன் போட்ட செயின் யாரோடது தம்பி?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராம்புரம், வயசு 41. பீனியாவுல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில 8 வருஷமா சிஎன்சி ஆபரேட்டர், சம்பளம் 18,000. ஆர்டர் இல்லைன்னு நாலு மாசம் முன்னாடி லெட்டர் குடுத்து அனுப்பிட்டாங்க. மனைவி கார்மெண்ட்ஸ் போறா. பாப்பா வயசுக்கு வந்தப்போ அவ மாமா போட்ட செயினை சேட்டு கடையில வெச்சுதான் வாடகை ஓடுது, அவ கேட்டா லாக்கர்ல இருக்குன்னு சொல்லியிருக்கேன். இஎஸ்ஐல பணம் தர்றாங்கன்னு ஃப்ரெண்ட் சொல்றான். கவர்மெண்ட்கிட்ட கை நீட்டி பழக்கமில்ல, கூச்சமா இருக்கு. வாங்கலாமா?

பதில்: வேலை போனதுக்கு ஆறுதல் எல்லாம் சொல்ல மாட்டேன் தம்பி, பீனியாவுல இருந்து வர்ற லெட்டர் முக்காவாசி இதே கதைதான். எனக்கு உறுத்துனது அந்த செயின். ஒரு வரில எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க.

அது யாரு நகை? உங்களுதா, சம்சாரத்தோடதா? தாய்மாமன் சீர்னு தட்டு எடுத்துட்டு வந்து, சொந்தபந்தம் முன்னாடி மச்சான் புள்ள கழுத்துல போட்டது, அதுக்கு அவன் எங்க கடன் வாங்கினானோ யாருக்குத் தெரியும். அது அந்தப் பொண்ணோட சொத்து. கஷ்டம்னா நகை அடகுக்குப் போறது நம்ம வீட்ல புதுசா என்ன, அத நான் தப்பு சொல்லல, கேக்காம எடுத்துட்டு லாக்கர்ல இருக்குன்னு பொய் சொன்னீங்க பாருங்க அதத்தான் சொல்றேன். கவர்மெண்ட்கிட்ட கை நீட்ட கூசுற மனுஷனுக்கு பெத்த புள்ள கழுத்துல கை வைக்கிறப்போ அந்த கூச்சம் எங்க போச்சு?

அதுவும் எதுக்கு கூசுறீங்க, உங்க சொந்த காசுக்கு. கடைசி பே ஸ்லிப் எடுத்துப் பாருங்க, இஎஸ்ஐன்னு, அதாவது தொழிலாளர் காப்பீடுன்னு போட்டு 135 ரூபா பிடிச்சிருப்பாங்க, 18,000-க்கு 0.75 பர்சென்ட், கம்பெனி பங்கு 3.25, அது 585. 2019 ஜூலைக்கு முன்னாடி உங்ககிட்ட 1.75 பிடிச்சாங்க. இத்தனை வருஷம் பிரீமியம் கட்டிட்டு இப்போ பிச்சைன்னு பேசுறீங்க, சேட்டுக்கு வட்டி கட்டுறது மட்டும் கௌரவமா?

உங்க ஃப்ரெண்ட் சொன்னது அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனாவா இருக்கும், 2018 ஜூலையில ஆரம்பிச்சது, அப்பப்போ நீட்டிச்சுகிட்டே வர்றாங்க. சராசரி தினக்கூலில பாதி, 90 நாள் வரைக்கும், வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, உங்க சம்பளத்துக்கு கிட்டத்தட்ட 27,000. கொரோனா டைம்ல இருந்து கம்பெனி வழியா போகணும்னு இல்ல, நீங்களே க்ளெய்ம் போடலாம், பணம் பேங்க் அக்கவுண்டுக்கே வந்துரும். ஆனா உங்க கைல இருக்கிற லெட்டர் ஆட்குறைப்புன்னு இருந்தா அதைவிட பெருசு ஒண்ணு இருக்கு, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, 2005-லிருந்து இருக்கு, யாரும் பேசுறதில்ல. முதல் 12 மாசம் பாதி சம்பளம், அடுத்த 12 மாசம் கால் பங்கு, அது ஓடுற வரைக்கும் குடும்பத்துக்கு இஎஸ்ஐ வைத்தியமும் உண்டு. ரெண்டையும் ஒரே சமயத்துல வாங்க முடியாது, அதனால இஎஸ்ஐ பிராஞ்ச் ஆபீஸ்ல முதல்ல ராஜீவ் காந்தியப் பத்தி கேளுங்க, கவுண்டர்ல இருக்கிறவங்க தானா சொல்ல மாட்டாங்க.

இன்னிக்கே அந்த லெட்டரை கன்னடமோ இங்கிலீஷோ நல்லா தெரிஞ்ச யார்கிட்டயாவது குடுத்து வரி வரியா படிக்கச் சொல்லுங்க. நல்ல பேரோட போலாம்னு ஹெச்ஆர் தேன் ஒழுக பேசி ராஜினாமா லெட்டர்ல கையெழுத்து வாங்குறது எத்தனை இடத்துல நடக்குது, தானா விட்டுட்டுப் போனவன்னு ஆயிட்டா இந்த ரெண்டு திட்டமும் கிடையாது. ஆட்குறைப்புன்னா வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் கம்பெனி குடுத்தாகணும், உங்களுக்கு 120 நாள் வருது, அதப் பத்தி ஒரு வார்த்தை எழுதல நீங்க, வந்துச்சா இல்லையா? 5 வருஷம் தாண்டினவருக்கு கிராஜுவிட்டி, அதான் பணிக்கொடை வேற, அது ராஜினாமா பண்ணியிருந்தாலும் உண்டு, 30 நாளுக்குள்ள தரணும். தரலைன்னா பன்னேர்கட்டா ரோட்ல லேபர் டிபார்ட்மெண்ட் ஆபீஸ் இருக்கிற கார்மிக பவன்ல புகார் எழுதிக் குடுங்க.

எந்தப் பணம் முதல்ல வருதோ அதுல சேட்டு கடைக்குப் போயி செயினை மீட்டுருங்க. வாடகை ஒரு மாசம் தள்ளினா ஓனர் கத்துவாரு, கத்தட்டும். அதுக்கு முன்னாடி இன்னிக்கு நைட்டே பாப்பாகிட்ட செயின் அடகுல இருக்குன்னு நீங்களே சொல்லுங்க, சம்சாரத்தை விட்டு சொல்ல வைக்காதீங்க, அவங்களே நாள் பூரா மிஷின்ல உக்காந்துட்டு வர்றாங்க. மச்சானுக்கும் நீங்களே போன் போடுங்க. பொண்ணு ஏதாவது விசேஷத்துக்கு வெறுங்கழுத்தோட போயி நாலு பேர் கேட்டு அப்புறம் அவனுக்குத் தெரிஞ்சா அந்த உறவை ஒட்ட வைக்க முடியாது தம்பி, அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கும் முன்னாடி வந்து நிக்கப் போறது அதே மாமன்தான்.

இன்னொண்ணு, பிஎஃப்ல கை வைக்கிற நிலைமை வந்தாலும் அந்த பென்ஷன் பங்கை மட்டும் எடுத்துராதீங்க. 10 வருஷம் சர்வீஸ் இருந்தாதான் மாசப் பென்ஷன், உங்களுக்கு 8 ஆச்சு. ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வெச்சுக்குங்க, அடுத்த கம்பெனில அதைக் குடுத்தா விட்ட இடத்துல இருந்து கணக்கு தொடரும்.